கூட்டல் குறிக்கு இரு பக்கம்

தொற்றுநோய்க் கணிதம் படிக்கிறவர்கள் தினமும் கடந்துபோகிற ஒரு பின்னம் இருக்கிறது. மேலே, நோயுற்ற ஒரு விலங்கு மற்ற விலங்குகளுக்கு நோயைத் தொற்றவைக்கும் வேகம். கீழே மூன்று வேகங்கள்: அந்த விலங்கு வேறு ஏதோ காரணத்தால் சாவது, இந்த நோயாலேயே சாவது, நோயிலிருந்து தேறிவிடுவது. கீழே உள்ள மூன்றையும் கூட்டி மேலே உள்ளதை வகுத்தால், ஒரு நோயாளியிடமிருந்து சராசரியாக எத்தனை புது நோயாளிகள் என்பது கிடைக்கும். அது ஒன்றைத் தாண்டினால் நோய் பரவும், தாண்டாவிட்டால் அடங்கும். புரியாதது எதுவும் இல்லை, பள்ளிக்கூடக் கணக்குதான். என்னால் தாண்டிப்போக முடியாமல் இருப்பது கீழ்வரிசையில் இருக்கும் கூட்டல் குறியைத்தான். நோயால் செத்துப்போவதும் நோயிலிருந்து பிழைத்து எழுவதும் அங்கே பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன, ஒரே அலகில், ஒரே மரியாதையோடு. வைரஸுக்கு இரண்டும் ஒன்று. செத்தாலும் தேறினாலும் அது பிடித்துவைத்திருந்த உடம்பு கையைவிட்டுப் போகிறது. முயலுக்கு அப்படியில்லை என்பதை எழுதச் சமன்பாட்டில் இடமே இல்லை. இடம் இல்லாததால்தான் அது வேலை செய்கிறது என்பதும் தெரிகிறது. தெரிந்தும் உறுத்தல் போகவில்லை.

முயல் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. கொரோனாக் காலத்தில் மருத்துவர்களும் டீக்கடைக்காரர்களும் ஒரே குரலில் சொன்ன ஆறுதல் ஒன்று: எந்தக் கிருமியும் போகப்போகச் சாதுவாகிவிடும், குடியிருக்கும் உடம்பையே கொன்றுவிட்டால் அதற்குத்தானே நஷ்டம். கொஞ்சம் படித்தவர்கள் இதற்கு ஒரு சான்றும் வைத்திருப்பார்கள், ஆஸ்திரேலிய முயல்கள். எண்ணம் பழையது. தியோபால்ட் ஸ்மித் போன்ற நுண்ணுயிரியலாளர்கள் நூறாண்டுக்கு முன்பே இதை ஏறக்குறைய இயற்கை விதியாகப் பேசினார்கள். கேட்கும்போது நம் காதுக்கும் இதமாக இருக்கிறது. உலகத்தின் அடியாழத்தில் ஏதோ ஒரு நியாயம் ஓடிக்கொண்டிருக்கிறது, கொடியவனும் அனுபவப்பட்டால் பணிந்துவிடுவான் என்ற நம்பிக்கைக்கு அறிவியல் முத்திரை குத்திக் கொடுத்த மாதிரி. ஆனால் அந்த முயல்களிடம் போய்க் கேட்டால் வேறு கதை வருகிறது. அதைச் சுற்றிச் சுற்றி வருவதுதான் இந்தக் கட்டுரை.

1859 கிறிஸ்துமஸ் நாளில் லைட்னிங் என்ற கப்பலில் 24 முயல்கள் மெல்போர்னில் இறங்கின. தாமஸ் ஆஸ்டின் என்ற பண்ணைக்காரர் வேட்டையாடிப் பொழுதுபோக்க இங்கிலாந்திலிருந்து வரவழைத்தவை. அதற்கு முன்பும் ஆஸ்திரேலியாவுக்கு முயல்கள் வந்திருக்கின்றன, ஆனால் கண்டத்தை மூடிய வெள்ளத்துக்கு ஊற்று இந்த ஒரு தொகுதிதான் என்று 2022-ல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. 1940-களின் முடிவில் 60 கோடி முயல்கள் இருக்கலாம் என்று மதிப்பிட்டார்கள். மேய்ச்சல் நிலம் மொட்டையாகிக்கொண்டிருந்தது. வேலி போட்டும், நஞ்சு வைத்தும், வளைகளை உழுது மூடியும் தீரவில்லை. கடைசியில் கையிலெடுத்ததுதான் மிக்சோமா வைரஸ். அது தென்னமெரிக்கக் காட்டு முயல் ஒன்றின் பழைய கூட்டாளி. அந்த முயலின் தோலில் ஒரு சின்னக் கட்டியை எழுப்பிவிட்டு அடங்கிவிடும். ஆனால் 1896-ல் உருகுவேயில் சனரெல்லி என்பவரின் ஆய்வகத்தில் வளர்ந்த ஐரோப்பிய முயல்களுக்கு அது எப்படியோ தாவியபோது ஒன்றும் மிஞ்சவில்லை. இமைகள் வீங்கி மூடிக்கொள்ளும், சீழ் ஒட்டிக் கண் திறக்காது. காதடி, மூக்கு, பிறப்புறுப்பு எல்லாம் தடித்துத் தலை சிங்கத் தலைபோல உருமாறும். இருபது நாள் முன்பு காலடி அதிர்ந்தாலே வளைக்குள் பாய்ந்த பிராணி சாலை நடுவில் குந்தியிருக்கும், வண்டி வந்தாலும் நகராது. 1950 மே முதல் மரே ஆற்றுப் பள்ளத்தாக்கில் சில இடங்களில் இதை விட்டுப்பார்த்தார்கள். மாதங்கள் போயின, நோய் அங்கங்கே பற்றி அணைந்தது. சோதனை தோற்றது என்றே முடிவுகட்டும் நிலை. டிசம்பரில், கோடைமழையில் கொசு பெருகியதும், ஆற்றோரங்களைப் பிடித்துக்கொண்டு நூற்றுக்கணக்கான மைல் ஓடியது. அதே சமயத்தில் மில்டூரா பக்கம் குழந்தைகளுக்கு மூளைக்காய்ச்சல் வர, முயல் நோய்தான் காரணம் என்று ஊர் கொந்தளித்தது. அது வேறு வைரஸ் என்று காட்டுவதற்காக ஃபிராங்க் ஃபென்னர், மக்ஃபார்லேன் பர்னெட், இயன் க்ளூனிஸ் ராஸ் என்ற மூன்று விஞ்ஞானிகள் முயல் வைரஸைத் தங்கள் உடம்பிலேயே ஊசி போட்டுக்கொண்டார்கள். அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, செய்தியை அமைச்சர் நாடாளுமன்றத்தில் அறிவித்தார். இந்தச் சம்பவத்தை வீரமாகச் சொல்வதே வழக்கம். வீரம்தான். பல கோடி உயிர்களுக்குள் விட்ட ஒன்றைத் தம் தோளிலும் ஏற்றிக்கொண்டார்களே என்ற ஒருவித நேர்மையும் அதில் எனக்குத் தெரிகிறது. அந்த நேர்மையால் முயலுக்கு என்ன லாபம் என்ற அசட்டுக் கேள்வியும் கூடவே வருகிறது.

முதலில் விட்ட வைரஸ் தொற்றிய முயல்களில் 99.8 சதவீதத்தைக் கொன்றது. ஓரிரு ஆண்டுகளிலேயே வயல்வெளியிலிருந்து பிடித்துவந்த வைரஸ் வகைகளில் பல அவ்வளவு கொடியவையாக இல்லை. இதைக் கண்டதும் ஃபென்னர் செய்த காரியம்தான் இந்தக் கதையின் அச்சாணி. அவர் வைரஸ்களைத் தரம்பிரித்தார். முதல் தரம் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் கொல்வது, ஐந்தாம் தரம் பாதிக்கும் குறைவாகக் கொல்வது, நடுவில் மற்றவை. தரத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒவ்வொரு வைரஸ் வகைக்கும் நூறு முயல்களைக் கொன்று பார்க்க முடியாது. ஐந்தாறு ஆய்வக முயல்கள், தோலுக்குள் மிகச் சிறிய அளவு வைரஸ், பிறகு எத்தனையாம் நாள் சாகின்றன என்று பார்த்துக் குறித்துக்கொள்வது. சராசரியாக 13 நாளுக்குள் செத்தால் முதல் தரம். 17-லிருந்து 28 நாள் தாங்கினால் மூன்றாம் தரம், அதாவது 70-லிருந்து 95 சதவீதம் சாவு. இந்தச் சதவீதங்கள் பாடப்புத்தகங்களில் அட்டவணையாக அச்சாகியிருப்பதைப் பார்க்கும்போது, அவற்றின் அடியில் கூண்டில் கிடந்த ஐந்து முயல்களின் நாட்கணக்குதான் இருக்கிறது என்பது நினைவில் நிற்பதில்லை. அட்டவணைக்கு அந்தச் சாமர்த்தியம் உண்டு. ஃபென்னரின் முறையைக் குறை சொல்லவில்லை. கிடைத்த வசதியில் அதைவிடச் சிக்கனமாகவும் புத்திசாலித்தனமாகவும் யாரும் செய்திருக்க முடியாது. குறிப்பாக அவர் கவனமாக இருந்த ஒரு விஷயம்: சோதனைக்கு எப்போதும் ஆய்வகத்தில் வளர்ந்த முயல்கள், இந்த நோயை ஒருபோதும் சந்திக்காத பரம்பரை. வெளியே காட்டு முயல்கள் மாறிக்கொண்டே இருந்தன. நியூ சவுத் வேல்ஸில் யூரானா ஏரிக்கரையிலிருந்து ஒவ்வொரு நோயலைக்குப் பிறகும் பிழைத்தவற்றின் குட்டிகளைப் பிடித்து, ஒரே மூன்றாம் தர வைரஸைக் கொடுத்துப் பார்த்தார்கள். தொடக்கத்தில் 90 சதவீதம் செத்தன, சில ஆண்டுகளில் அது 30-க்கும் கீழே இறங்கியது. வைரஸ் மாறுகிறதா, முயல் மாறுகிறதா என்று தனித்தனியே பிரித்துச் சொல்ல முடிந்தது இந்த இரட்டை ஏற்பாட்டால்தான். ஒரு பக்கம் மாறாத முயல், இன்னொரு பக்கம் மாறாத வைரஸ். காட்டில் நடக்கும் எந்தக் கொள்ளைநோய்க்கும் இப்படி இரண்டு அளவுகோல்கள் கிடைப்பதில்லை.

1982-ல் ராய் ஆண்டர்சனும் ராபர்ட் மேயும் இந்த எண்களை எடுத்து, நான் முதலில் சொன்ன பின்னத்துக்குள் போட்டார்கள். மே அடிப்படையில் இயற்பியல்காரர், சிட்னியில் வளர்ந்தவர். சாதுவாகும் விதி உண்மையென்றால் கணக்கு மிக எளிது: மற்றவை மாறாமல் நோயால் சாகும் வேகம் மட்டும் குறையக் குறைய வைரஸுக்கு லாபம், பூஜ்யத்தில் உச்ச லாபம். ஆனால் மற்றவை மாறாமல் இருப்பதில்லை. கொடுமை குறைந்த வைரஸை முயலின் உடம்பு சீக்கிரம் விரட்டிவிடுகிறது. அதாவது கூட்டல் குறிக்கு ஒரு பக்கம் இறங்கினால் மறுபக்கம் ஏறுகிறது. இரண்டின் கூட்டுத்தொகை மிகக் குறைவாக இருக்கும் இடம் நடுவில் எங்கோ கிடக்கிறது. அந்த இடம் ஏறத்தாழ வயல்வெளியில் மிகுதியாகக் கிடைத்த மூன்றாம், நான்காம் தரங்களுக்கு அருகே வந்து நின்றது. நான்கில் மூன்று முயலைக் கொல்லும் கிருமி, ஒரு கணிதச் சமநிலையின் பெயரால், ‘மிதமானது’ ஆயிற்று. ஏன் என்பதைக் கொசுவின் பக்கம் போய்ப் பார்த்தால் இன்னும் துலக்கமாகிறது. இந்த வைரஸ் கொசுவுக்குள் பெருகுவதே இல்லை. கொசு அதற்குப் பறக்கும் குண்டூசி. வீங்கிய இமையிலோ காதிலோ ரத்தம் தேடிக் குத்தும்போது வாயுறுப்பில் தோலின் வைரஸ் ஒட்டிக்கொள்கிறது, அடுத்த முயலைக் குத்தும்போது இறங்கிவிடுகிறது. ஒட்டிக்கொள்ள வேண்டுமென்றால் தோலில் வைரஸ் கொழித்திருக்க வேண்டும். முதல் தரம் தோலை நிரப்புகிறது, ஆனால் சில நாட்களில் முயலே இல்லை. ஐந்தாம் தரத்தில் முயல் இருக்கிறது, தோலில் சரக்கில்லை. மூன்றாம் தரத்தில்தான் வாரக்கணக்கில் கண் திறக்காமல், தின்னாமல், சாகவும் செய்யாமல் கொசுவுக்குக் காத்துக்கொண்டு கிடக்கும் முயல். நீண்ட வாதைதான் வைரஸின் நல்ல விளைச்சல் நிலம். இதைத் தெரிந்துகொண்ட பிறகு ‘சாதுவாகிவிடும்’ என்ற சொல்லை என்னால் வாயில் வைக்க முடியவில்லை.

கணக்கு உண்மையோடு பொருந்தியது என்றேன். பொருத்தம் என்பதையும் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்க வேண்டியிருக்கிறது, இதற்கு நம் பக்கத்துக் கதை ஒன்று இருக்கிறது. இன்று எல்லோரும் பயன்படுத்தும் தொற்றுநோய்ச் சமன்பாடுகளை 1927-ல் எழுதியவர்கள் கெர்மாக்கும் மெக்கென்ட்ரிக்கும். மெக்கென்ட்ரிக் இந்திய மருத்துவப் பணியில் இருந்தவர், கசௌலி பாஸ்டர் நிலையத்தை நடத்தியவர். தங்கள் கோட்பாட்டுக்குச் சான்றாக அவர்கள் எடுத்துக்கொண்டது பம்பாயின் பிளேக். 1905 டிசம்பரிலிருந்து 1906 ஜூலை வரை வாரம்வாரம் செத்தவர்களின் எண்ணிக்கை. மெதுவாக ஏறி, உச்சத்தைத் தொட்டு, அதே அழகோடு இறங்கும் மணி வடிவக் கோடு. சமன்பாட்டின் கோடு அதன் மேல் கச்சிதமாகப் படிந்தது. இத்தனைக்கும் பிளேக் அங்கே மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவியதல்ல. எலி சாக, எலியின் தெள்ளுப்பூச்சி வேறு ரத்தம் தேடி மனிதர்மேல் ஏற, அதனால் வந்தது. சமன்பாட்டில் எலி இல்லை, தெள்ளுப்பூச்சி இல்லை, பருவத்தின் வெப்பமும் இல்லை. மனிதச் சாவு எலிச் சாவின் நிழல் என்பது எழுதியவர்களுக்கே தெரியும், கட்டுரையிலேயே குறிப்பிட்டிருக்கிறார்கள். ஆனாலும் கோடு படிந்தது. பம்பாயின் ‘சால்’ எனும் நெருக்கமான குடியிருப்புகளில் இருந்த எலிகள் எத்தனை செத்தன, எந்த வாரம் செத்தன என்பதைத் தாண்டிக்கொண்டு ஒரு கோடு மனிதச் சாவை வரைந்துவிடுகிறது என்றால், கோடு படிவது எதற்குச் சாட்சி? ஏறி இறங்கும் எதன்மீதும் ஏறி இறங்கும் ஒரு கோடு படியும். மாதிரியைக் கட்டுகிறவர்கள் இதை அறிவார்கள், நல்லவர்கள் இதனால் தூக்கம் கெடுகிறவர்கள். அதைப் படித்துவிட்டு மேற்கோள் காட்டும் நம்மைப்போன்றவர்களுக்குத்தான் தூக்கம் நன்றாக வருகிறது.

மரபணு வரிசைகள் கைக்கு வந்தபோது முயல் கதைக்கு இன்னொரு சாட்சி கிடைத்தது. இந்தச் சாட்சி சமன்பாட்டைப்போல் முன்னோக்கிப் பேசாது, நடந்ததைப் பின்னோக்கிச் சொல்லும். விட்ட வைரஸ் உறைபனிப் பெட்டியில் இருக்கிறது. 1950-களிலும் பிறகும் வயலில் பிடித்த வகைகளும் இருக்கின்றன. பீட்டர் கெர், எட்வர்ட் ஹோம்ஸ் முதலியோர் அவற்றின் முழு மரபணுவையும் படித்தார்கள், கிட்டத்தட்ட 1,60,000 எழுத்துகள் கொண்ட டிஎன்ஏ. (2020 ஜனவரி 11 அன்று வூஹான் வைரஸின் மரபணு வரிசையைச் சீன விஞ்ஞானி ஷாங் யோங்ஷெனின் சார்பில் உலகுக்கு வெளியிட்டவர் இதே ஹோம்ஸ்தான். முயலைப் பின்தொடர்ந்தவர்கள் எங்கே போய் நிற்கிறார்கள் பாருங்கள்.) சாதுவாவதற்கு ஒரு வழி, ஒரு மரபணு, ஒரு தாழ்ப்பாள் இருக்கும் என்ற எதிர்பார்ப்பு பொய்த்தது. ஆஸ்திரேலியாவில் ஒருவிதமான மாற்றங்கள், ஐரோப்பாவில் வேறு விதம். ஒரே தரத்தில் இருந்த இரு வகைகளுக்குள்ளும் பொதுவான மாற்றம் என்று ஒன்றைக் காட்ட முடியவில்லை. இதனால்தான் இருக்கும் என்று சந்தேகப்பட்ட சில மரபணுச் சேதங்களை ஆய்வகத்தில் தனியே செய்துபார்த்தால், வைரஸின் கொடுமை எதிர்பார்த்தபடி குறையவில்லை. முயல் பக்கத்திலோ நேர்மாறு. 2019-ல் வெளியான ஆய்வு ஒன்றில், 1865 முதல் சேகரித்த கிட்டத்தட்ட 200 முயல்களின் மரபணுக்களைப் படித்தார்கள். அருங்காட்சியகத் தோல்கள், எலும்புகள், சார்லஸ் டார்வின் வைத்திருந்த முயல் ஒன்றும் அவற்றுள் அடக்கம். ஆஸ்திரேலியா, பிரிட்டன், பிரான்ஸ் என மூன்று நாடுகளிலும் நோய்க்குப் பின் பல மரபணுக்கள் ஒரே திசையில் நகர்ந்திருந்தன. வைரஸை எதிர்க்கும் இன்டர்ஃபெரான் புரதம் சம்பந்தப்பட்டவை அவற்றில் முக்கியமானவை. ஒரு மரபணுவும் தனியாகக் காப்பாற்றவில்லை, ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம். அந்தச் சாதகமான வடிவங்கள் நோய் வருவதற்கு முன்பே முயல்களிடம் அரிதாக இருந்தவை. இல்லாததை எதுவும் புதிதாகக் கற்றுக்கொள்ளவில்லை, வைத்திருந்தவை மிஞ்சின, வைத்திராதவை சாலையோரத்தில் குந்தியிருந்தன.

இரண்டு பக்கமும் நகர்ந்தால் சமநிலைப் புள்ளியும் நகரும். முயல் எதிர்த்து நிற்கப் பழகிய பிறகு பழைய மூன்றாம் தர வைரஸ் இந்தப் புது முயலிடம் ஐந்தாம் தரம்போல நடந்துகொள்ளும். அதே பழைய பலனைப் பெற வைரஸ் இன்னும் கொடியதாக வேண்டும். ஆகியிருக்கிறது. 1990-களில் ஆஸ்திரேலியாவில் பிடித்துவைத்த வகைகளை, மாறாத அந்த ஆய்வக முயல்களுக்குப் பிற்பாடு கொடுத்துப் பார்த்தார்கள், முடிவு 2017-ல் வெளியானது. சில முயல்கள் பழைய கட்டிகள் எழும்புவதற்கு முன்பே, நோயெதிர்ப்பு அமைப்பு மொத்தமாகச் சரிந்து, ரத்தத்தில் பாக்டீரியா பெருகிச் செத்தன. மருத்துவர்கள் பார்த்தால் செப்டிக் அதிர்ச்சி என்று சொல்லும் மாதிரி. 1950-ல் இப்படிப்பட்ட சாவே கிடையாது. சாதுவாகிவிட்டது என்று எழுபது ஆண்டுகளாக நாம் சான்று காட்டிக்கொண்டிருந்த வைரஸ், மாறாத அளவுகோலில் அளந்தால், இப்படி நிற்கிறது. காட்டு முயல் மாறியதால் மட்டும் அது வெளியே தெரியவில்லை. சாவைத் தடுத்தால் கொடுமைக்கு வழிவிட்டதாகும் என்ற கணக்கு முயலோடு நிற்கவில்லை. அந்த 2017 ஆய்வுக் குழுவில் இருந்த ஆண்ட்ரூ ரீட் கோழிகளின் மாரெக் நோயில் அதைக் காட்டினார். பொரிப்பகத்தில் ஒருநாள் குஞ்சுக்கே போடப்படும் ஊசி கோழியைச் சாகவிடாது, தொற்றைத் தடுக்காது. ஊசி போடாத கோழியில் அதனோடு சேர்ந்தே அழிந்திருக்கும் அதிகொடிய வகைகள், ஊசி போட்ட கோழிக்குள் உயிரோடு உலவிப் பரவின. நாமக்கல் முட்டையைச் சாப்பிட்டுக்கொண்டே படிக்க வேண்டிய கட்டுரை அது. ஊசி போடக்கூடாது என்று இதற்கு அர்த்தமில்லை, ஊசி இல்லாவிட்டால் முட்டையும் இல்லை.

இத்தனை தெளிவு எப்படிக் கிடைத்தது என்று யோசிக்கும்போதுதான் என் உறுத்தல் அதன் உண்மையான இடத்துக்கு வருகிறது. காட்டு விலங்குகளில் கொள்ளைநோய் வரும்போது வழக்கமாக நம்மிடம் தொடக்கமே இருக்காது. 1988 வசந்தத்தில் டென்மார்க்கின் அன்ஹோல்ட் தீவில் கடல்நாய்கள் குறைமாதக் குட்டிகளை ஈன்றன, பிறகு மூச்சுத்திணறிக் கரையொதுங்கின. அந்த ஆண்டு வட ஐரோப்பியக் கடல்களில் 18,000-க்கும் மேல் செத்தன. காரணம் அதுவரை யாரும் அறியாத வைரஸ், நாய்களின் டிஸ்டெம்பருக்கு உறவு. ஆர்க்டிக் பகுதியின் வேறொரு கடல்நாய் இனம் முந்தைய ஆண்டு வழக்கத்தைவிடத் தெற்கே வந்திருந்தது, அது சுமந்து வந்திருக்கலாம். 2002-ல் மறுபடி அதே தீவில் தொடங்கியது. முதல் கடல்நாய் எது, எந்த நாள், வைரஸ் அப்போது எப்படி இருந்தது என்பதெல்லாம் இனிமேல் யாருக்கும் கிடைக்காது. மரபணு மரத்தைப் பின்னோக்கி இறங்கி, மாதிரியை முன்னோக்கி ஓட்டி, இரண்டும் எங்கே சந்திக்கின்றன என்று ஊகிக்க வேண்டியதுதான். முயலுக்கு மட்டும் எல்லாம் இருக்கிறது: விட்ட நாள், விட்ட இடம், விட்ட வைரஸின் நகல். கொளுத்தியவன் எழுதிவைத்த குறிப்பேட்டிலிருந்து நெருப்பைப் பற்றிப் படிக்கிறோம். இயற்கையில் நோய்கள் எப்படிப் பரிணமிக்கின்றன என்பதற்குப் பாடநூல்கள் தரும் முதல் உதாரணம் இயற்கையாக நடந்ததே இல்லை.

ஐரோப்பாவில் கொளுத்தியவர் ஒரு தனி மனிதர். ஆர்மான்-தெலீய் என்ற ஓய்வுபெற்ற குழந்தை மருத்துவர் 1952 ஜூனில் பாரிசுக்கு மேற்கே தன் எஸ்டேட்டில் இரண்டு முயல்களுக்கு ஊசி போட்டுவிட்டார். எஸ்டேட்டைச் சுற்றி மதில் இருந்தது. சில வாரங்களில் நோய் மதிலுக்கு வெளியே, 1954 முடிவதற்குள் பிரான்சின் காட்டு முயல்களில் பெரும்பகுதி இல்லை. வழக்குப் போட்டு அபராதம் விதித்தார்கள், அடுத்து வனத்துறைத் தரப்பிலிருந்து பதக்கமும் கொடுத்தார்கள். 1953-ல் கடல் தாண்டி இங்கிலாந்துக்குப் போனது. அங்கே கொசுவுக்குப் பதில் முயல் தெள்ளுப்பூச்சி அந்த வேலையைச் செய்தது. குடியானவர்களே நோயுற்ற முயலைக் கொண்டுபோய்த் தங்கள் நிலத்தில் விட, அதைக் குற்றமாக்கி 1954-ல் சட்டம் வந்தது. மேய்வதற்கு முயல் இல்லாமல் புல் நெடுநெடுவென்று வளர்ந்தது, மேய்ச்சல் ஆடுகளும் குறைந்துகொண்டிருந்த காலம். நிழலில் மண் குளிர்ந்தது, வெயில் மண்ணில் மட்டும் வாழும் ஒரு செவ்வெறும்பு குறைந்தது. அந்த எறும்பின் புற்றுக்குள் புழுப்பருவத்தைக் கழிக்கும் பெரிய நீல வண்ணத்துப்பூச்சி 1979-ல் பிரிட்டனிலிருந்து அற்றுப்போனது. (பிறகு ஸ்வீடனிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள், பிடித்துக்கொண்டது.) முயலின் பின்னத்தில் புல்லும் எறும்பும் வருவதில்லை. ஸ்பெயினில் இன்னும் கசப்பு. இந்த முயலின் சொந்த ஊரே ஐபீரியத் தீபகற்பம். அதைத் தின்று வாழும் காட்டுப்பூனையான லின்க்ஸ் இந்த நோயாலும், 1980-களின் இறுதியில் வந்த முயல் ரத்தக்கசிவு நோயாலும் இரையிழந்து, 2000-களின் தொடக்கத்தில் நூறு சொச்சமாகச் சுருங்கியது. 2019-ல் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இந்த முயலையே அதன் தாயகத்தில் அழிவாபத்தில் உள்ள இனமாக அறிவித்தது. அதற்கு வெகு முன்பே ஸ்பானிய விஞ்ஞானிகள் மிக்சோமா வைரஸையே பலவீனப்படுத்தி, அதற்குள் மற்ற நோயின் புரதத்தை வைத்து, முயலிலிருந்து முயலுக்குத் தானே பரவும் தடுப்பூசி ஒன்றைத் தயாரித்து மெனோர்க்காவை ஒட்டிய ஒரு சின்னத் தீவில் சோதித்தார்கள். ஒரு நாடு முயலை ஒழிக்க விட்ட வைரஸை இன்னொரு நாடு முயலைக் காக்க விடப்பார்த்தது. இரண்டு வைரஸும் ஒரே கப்பலில் பயணம் செய்யக்கூடியவை என்பதுதான் சிக்கல். இதற்கிடையில் 2018-ல், அதே ஸ்பெயினில், வளை தோண்டாத வேறொரு இனமான ஐபீரியக் காட்டு முயல்கள் கண் வீங்கிச் சாகத் தொடங்கின. அரைநூற்றாண்டுக்கு மேலாகப் பக்கத்திலேயே இருந்தும் அவற்றை ஏறக்குறையத் தொடாமல் விட்டிருந்த வைரஸ் அது. படித்துப் பார்த்தால் வேறொரு அம்மை வைரஸிடமிருந்து 2,800 எழுத்துகள்போல அதற்குள் புகுந்திருந்தன. எந்தப் பின்னத்திலும் இதற்கு எழுத்தில்லை. எந்த உடம்புக்குள் இரண்டு வைரஸும் சந்தித்துக்கொண்டன என்று சொல்லவும் ஆளில்லை.

இப்போது ஆஸ்திரேலியா கெண்டை மீனைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறது. நாம் சாதாக் கெண்டை என்று வாங்கும் அதே மீன். மரே-டார்லிங் ஆறுகளில் அது சேற்றைக் கிளறித் தண்ணீரைக் கலக்கி உள்ளூர் மீன்களை ஒடுக்கியிருக்கிறது. கெண்டைக்கு மட்டும் வரும் ஒரு ஹெர்பிஸ் வைரஸை விடலாம் என்று 2016-ல் அரசு அறிவித்து ஆய்வுக்குப் பணம் ஒதுக்கியது, 2022-ல் திட்ட அறிக்கை வெளியானது. இம்முறை எதுவும் ஆற்றோரம் சும்மா விட்டுப்பார்க்கப்படவில்லை. தண்ணீரின் சூடு, வெள்ளம், மீன் கூடும் இடம், செத்த மீன் அழுகித் தண்ணீரில் உயிர்க்காற்று குறைவது எல்லாவற்றுக்கும் மாதிரி கட்டியிருக்கிறார்கள். கெண்டைக்குள் எதிர்ப்புத்திறன் எப்போது தலையெடுக்கும் என்ற கேள்வியை விடுவதற்கு முன்பே கேட்டவர்கள் இருக்கிறார்கள், யூரானா ஏரிக்கரை முயல்கள் சொல்லிக்கொடுத்த கேள்வி. விடத்தான் வேண்டும் என்றோ கூடவே கூடாது என்றோ எனக்குத் தீர்மானமில்லை. அந்த ஆறுகளில் அற்றுக்கொண்டிருக்கும் மீன்களும் உயிர்கள்தான். ஆனால் இந்த வைரஸ் 2002-ல் இந்தோனேசியாவின் பண்ணைகளுக்கு வந்து கெண்டைக் குளங்களை வாரிக்கொண்டு போயிருக்கிறது. ஆசியா முழுக்க, நம் ஏரிக் குத்தகை வரை, அந்த மீன் சோற்றுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் விடுகிற வைரஸ் இங்கே வந்துதான் ஆகும் என்று சொல்லவில்லை, ஏற்கெனவே ஆசியாவில் இருப்பதுதான் அது. அங்கே, கெண்டை நிறைந்த ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஆற்றில், எதிர்ப்பு வளரும் மீன்களோடு மோதி மோதி அது எந்தத் தரத்துக்குப் போகும், அப்படிப் போன வைரஸுக்கு இந்தக் குளத்து மீன் எதைக் காட்டும் என்பதைத்தான் கேட்கிறேன். இந்தக் கணக்குகளை எங்கே போடுகிறார்களோ அந்த வரைபடத்தின் ஓரம், பெரும்பாலும், ஆற்றுப் படுகையின் ஓரமாகவே இருக்கிறது.